மேஸ்திரி அம்மாவின் கல்

சென்னீர்குப்பத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவனையெல்லாம் தாய்லாந்துக்கு அனுப்பக் கூடாது. என்னை அனுப்பினார்கள். டைல்ஸ் ஒட்டும் பசை தயாரிக்கும் கம்பெனி ஒன்று, நிறைய மூட்டை எடுத்த கடைக்காரர்களையும் ஆளுக்கொரு மேஸ்திரியையும் ஒரு தீவுக்கு மூன்று நாள் கூட்டிப்போனது. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், முட்டிக்கு மேலே நின்றுவிடும் அரைக்கால் சட்டை. என் தொப்பை மேல் கம்பெனியின் பெயர் இழுபட்டு, வேறு ஏதோ கம்பெனி மாதிரி தெரிந்தது.

என்னோடு வந்த மேஸ்திரி, பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் எத்தனையோ அடுக்குமாடிகளில் தரை போட்டவர். பத்து வருடமாக வீட்டுக்காரர்களை என் கடைக்குத்தான் கூட்டி வருகிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. எண் மட்டும் தெரியும். அளவெடுத்தால் ஒரு நூல் பிசகாது. எழுத வேண்டியது எதுவானாலும் என்னிடம்தான் வருவார். நான் எழுதிக் கொடுப்பதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். என்ன எழுதினேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் மலைக்குப் போனோம். உச்சியில் வெள்ளைச் சலவைக்கல் பதித்த புத்தர், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்பத்தூரில் நான் பார்த்த எந்த அடுக்குமாடியும் அவர் தோளுக்கு வராது. முட்டி தெரிய உள்ளே விடமாட்டோம் என்று ஆளுக்கொரு துணி கொடுத்தார்கள். அதை வேட்டி மாதிரி கட்டிக்கொண்டு ஏறினோம். தூரத்திலிருந்து பார்த்திருந்தால், கல்யாணத்துக்குப் பந்தி பரிமாற வந்த கும்பல் என்று புத்தரே நினைத்திருப்பார். மேஸ்திரி மட்டும் படிக்குப் படி குனிந்து, கல்லை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். சோக்கா ஒட்டியிருக்கிறான் என்று சான்றிதழும் கொடுத்தார்.

சிலைக்குக் கீழே ஒரு மேசை. அதன் மேல் சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள். காணிக்கை கொடுத்தால் ஒரு கல்லும் மார்க்கர் பேனாவும் தருவார்கள். பெயர் எழுதிக் கொடுத்தால் கட்டடத்தில் எங்காவது பதித்துவிடுவார்களாம். இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. டியூப் லைட்டை வாங்கிக் கொடுத்து, வெளிச்சம் வராத அளவுக்கு அதன் மேலேயே ‘உபயம்’ என்று குடும்பத்தின் பெயரையெல்லாம் எழுதுகிற ஊர் நம்முடையது. நான் என் கல்லில் பெயர், கடை, போன் நம்பர், ‘எல்லா வகை டைல்ஸும் கிடைக்கும்’ வரை எழுதினேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது போதும். யாராவது சிரித்துவிட்டால் அதற்கப்புறம் என்னை நிறுத்த முடியாது.

அப்போதுதான் மேஸ்திரி தன் கல்லோடு என் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

“அண்ணாத்தே, எங்கம்மா பேர எழுது. சித்தாளா எத்தினி ஊட்டுக்கு மண்ணு சொமந்துகீது தெரியுமா? ஒரு ஊட்டுலயும் அது பேரு இல்ல.”

பெயரையும் சொன்னார். என் கவனம், இவன் அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று காத்திருந்த இரண்டு கடைக்காரர்கள் மேல் இருந்தது. மிச்சமான டைல்ஸ் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேஸ்திரி என்னிடம் சண்டை போடுவதும், நான் பில்லின் அடியில் இருக்கும் வரியைத் தொட்டுக் காட்டுவதும் எங்களுக்குள் தினமும் நடக்கும் கூத்து. அந்த வரியையே கல்லில் எழுதினேன். ‘விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படாது.’

அவர்களிடம் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு, வேறு கல் வாங்கி ஒழுங்காக எழுதித் தருவதுதான் என் திட்டம். அவர்கள் சிரித்தார்கள். அதற்குள் மேஸ்திரி என் கையிலிருந்து கல்லை வாங்கிவிட்டார். எழுத்துகளின் மேல் விரலை மெதுவாக ஓட்டினார். கல்லை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். தோள் குலுங்கியது. போனில் ஒரு போட்டோ எடுத்தார். பிறகு இரண்டு கையாலும் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் நீட்டினார். அவள் அதை அடுக்கில் வைத்தாள். அதன் மேல் இன்னொருவர் கல் வந்து உட்கார்ந்தது.

சிரித்த இரண்டு பேரும் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

புதுக் கல் வாங்க வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். பதினைந்தே பேர். அதற்குள் கீழே வண்டியில் ஹாரன் அடித்தார்கள். மலை மேல் நான் செய்ததைவிட, அந்த ஹாரனுக்கு நான் காட்டிய மரியாதையை நினைத்தால்தான் இப்போதும் முகம் சுடுகிறது. ஓடிப்போய் ஜன்னலோரம் இடம் பிடித்தேன்.

வண்டி மலை இறங்கும்போது மேஸ்திரி போட்டோவை மகளுக்கு அனுப்பிவிட்டு, அவளைக் கூப்பிட்டார். கல்லூரியில் படிக்கிற பெண். “படி. சத்தமா படி,” என்றார். போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தார். அடுத்த வளைவில் வண்டி கவிழ்ந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

“படிச்சிடுச்சு அண்ணாத்தே. ஆயா பேரு அப்டியே கீதுன்னு சொல்லுது.”

ஊருக்கு வந்த நாலாம் நாள் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். அவள் பையை இறக்கி வைப்பதற்குள், செய்தது தப்பு, அப்பாவிடம் இன்றைக்கே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் வேணாம் அங்கிள். சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும், அவருக்கு?” என்றாள். “போற வர்றவங்களுக்கெல்லாம் அந்த போட்டோவ காட்டிகினு கீறாரு. நேத்து பக்கத்து ஊட்டு அக்கா படிக்கப் போச்சு, நான் போன புடுங்கிட்டேன். அதே மாதிரி ஒரு கல்லு குடுங்க. எழுதி, போட்டோ எடுத்து அவரு போன்ல மாத்திடறேன்.”

ஒரு வெள்ளைக் கல் துண்டைத் துடைத்து மேசையில் வைத்தேன். மார்க்கரைத் திறந்துகொண்டு, நானே எழுதுகிறேன், பெயரைச் சொல்லம்மா என்றேன்.

“அப்பா உங்களாண்ட சொல்லலியா?”

சொன்னார். காதில் விழுந்தது. எவ்வளவு தேடியும் முதல் எழுத்துகூட வரவில்லை.

அவள் மார்க்கரை என் கையிலிருந்து வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தானே எழுதினாள். போட்டோ எடுத்தாள். கல்லைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

மேஸ்திரி இப்போதும் கடைக்கு வருகிறார். பெயிண்டர், லோடு இறக்குகிறவர், டைல்ஸ் பார்க்க வருகிற ஐ.டி. தம்பதி என்று எல்லோரிடமும் அந்தப் போட்டோவை நீட்டுகிறார். எனக்கு மட்டும் காட்டுவதில்லை. எழுதியவனுக்கு எதற்கு? அவர் அம்மாவின் பெயர் என்னவென்று நான் எப்படி அவரிடம் கேட்பது?