நமச்சிவாயத்துக்குப் போட்ட நாற்காலி

நமச்சிவாயத்தைப் பற்றி யார் எழுதினாலும் தில்லியில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் பிறந்தது, வளர்ந்தது, நெய்தது, செத்தது எல்லாம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில். தில்லியில் அவன் இருந்தது சில நாள். அதிலும் பாதி நாள் சப்பாத்தி ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

நானும் தறிக்காரன்தான். கலியாணசுந்தரம் என்று பெயர். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. சின்ன வயதிலிருந்தே வாடா போடா. அவன் நல்ல நெசவாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் அளவுக்கு நெய்கிறவர்கள் எங்கள் தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. அவனே கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனைப் போல இன்னொருவன் இல்லாதது வேறு ஒரு வேலையில். சேலையின் நீளவாட்டு இழைகள் மொத்தத்தையும் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன் அந்தப் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரிக்க வேண்டும், அறுந்ததை முடிச்சுப் போட வேண்டும். விடியும்போது ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் முடிகிற காரியம் இல்லை இது. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். யாருடைய பாவோ அவன் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிட்டால், வாயில் பல்பொடியோடு இருந்தாலும் வந்துவிட வேண்டும். கூலி கிடையாது, நன்றி சொல்கிற பழக்கமும் கிடையாது. இன்றைக்கு இவன் பாவு, நாளைக்கு அவன் பாவு. முந்தின நாள் அடித்துக்கொண்டவர்கள்கூட ஆளுக்கொரு பக்கம் நின்று பாவு பிடிப்பார்கள். ஆனால் கூப்பிடாமல் யாரும் போக மாட்டோம், ஏனென்றால் கூப்பிடாத வீடு என்பது தெருவோடு சேராத வீடு.

பாவின் முனையில் ஒரு கயிறு இருக்கும். அதை முளையில் கட்டிவிட்டால் போதாது. ஈரத்தில் பட்டு தளரும், காற்றுப் பட்டால் இறுகும். அதற்குத் தகுந்தபடி ஒருவன் விட்டும் இழுத்தும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நமச்சிவாயம் ஆறடி ஆள், தூண் மாதிரி தொடை. தெருவில் யார் பாவு போட்டாலும் முனைக் கயிறு அவன் கையில்தான். கயிற்றைப் பிடித்தபடி ஒருத்தர் விடாமல் திட்டுவான். கஞ்சி தெளிக்கிறவனை, முடிச்சுப் போடுகிறவனை, பாவுக்காரனை, பாவுக்காரனின் மாமனாரை. நாங்களும் சும்மா இருக்க மாட்டோம். அந்தத் திட்டும் சிரிப்புமாகத்தான் எங்கள் தெரு விடியும்.

இவன் தலையில்தான் 1970 குடியரசு தினத்தன்று பத்மஸ்ரீ விழுந்தது.

எங்கள் கூட்டுறவுச் சங்கத்துப் பிரசிடெண்ட் சபாபதி செய்த வேலை அது. நமச்சிவாயம் நெய்த சேலை ஒன்றைச் சென்னைக் கண்காட்சியில் வைத்து, வந்த பெரிய மனிதர்களிடம் எல்லாம் காட்டி, யார் யாரையோ பிடித்து முடித்துவிட்டார். தந்தி வந்த அன்று டீக்கடையில் எனக்கும் சபாபதிக்கும் பெரிய சண்டை.

"சுந்தரம், உனுக்கு இன்னாப்பா கஷ்டம்? இத்தினி நாளா ஜமீன்தாருக்கும் வக்கீலுக்கும் குடுத்துக்கினு இருந்தாங்க. இப்ப ஒரு தறிக்காரனுக்குக் குடுக்கறாங்க. நம்ம சாதிசனத்துக்கே மரியாதை இது" என்றார்.

"தறிக்காரனுக்கு மரியாதைன்னா தெருவுல இருக்கற அத்தினி பேருக்கும் குடு."

"எல்லாருக்கும் குடுத்தா அது மரியாதையாய்யா?"

"அதத்தான் நானும் சொல்றேன். நாலு பேரைக் கீழ வச்சாதான் ஒருத்தன் மேல நிப்பான்னா, அந்த மரியாதை ராஜா ஊர்ல இருக்கட்டும். நம்ம ஊர்ல இன்னாத்துக்கு?"

எனக்கு அன்றைக்கு இருந்த கோபம் இன்றைக்கும் இருக்கிறது. வெள்ளைக்காரன் ராவ் சாகிப், திவான் பகதூர் என்று கொடுத்தபோது காறித் துப்பினோம். பட்டமே கிடையாது என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தோம். எழுதின மை காய்வதற்குள் பெயரை மாற்றிப் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்துவிட்டோம். கேட்டால், இது பட்டமில்லை, விருது, பெயரோடு சேர்க்கக் கூடாது என்கிறார்கள். எங்கள் தெருக் கோயிலில் பரிவட்டம் யார் தலையில் முதலில் கட்டுவது என்று பங்காளிகள் அடித்துக்கொண்டு மூன்று வருடம் திருவிழாவே நின்றுபோயிருந்தது. அந்த ஒரு பரிவட்டத்தையே எங்களால் சமாளிக்க முடியவில்லை. இதில் தில்லியிலிருந்து இன்னொன்று.

நமச்சிவாயத்துக்குச் சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன். தில்லி போய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது பதக்கத்தை என்னிடம் காட்டி, "டேய் சுந்தரம், நம்ம வீட்டு விளக்குமாத்துக்குக் கீழ வச்சாலும் மின்னுதுடா" என்று சிரித்தான். தெருமுனையில் வளைவு கட்டியிருந்தார்கள். மேளம் வைத்து அழைத்து வந்தார்கள். வாசலில் 'பத்மஸ்ரீ நமச்சிவாயம்' என்று சபாபதி ஒரு பலகை அடித்தார். பெயரோடு சேர்க்கக் கூடாது என்பதைப் பற்றி ஒருத்தரும் கவலைப்படவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை எதிலும் அவன் பெயர் அதில்லாமல் வந்ததில்லை.

ஒரு வாரத்தில் மயில்வாகனம் வீட்டில் பாவு போட்டார்கள். மயில்வாகனம் எங்களைவிட இளையவன், அடக்கமானவன். விடிகாலையில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தான். என் கதவைத் தட்டினான். எதிர்வீட்டுக்கு முன்னால் வந்ததும் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

"ஏம்பா, அவனைக் கூப்பிடலியா?" என்றேன்.

"எப்பிடிண்ணே? ஜனாதிபதி கையால வாங்கினவரை, 'யோவ் வா, கயிறு புடி'ன்னு கூப்பிடறதா? நல்லா இருக்குமா?"

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மரியாதை என்று நினைத்துத்தான் செய்தான். அன்றைக்கு முனைக் கயிற்றை வேறு இரண்டு பேர் பிடித்தார்கள். எதிர்வீட்டு வாசலைப் பார்த்தேன். நமச்சிவாயம் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றான். நாங்கள் ஆரம்பித்ததைப் பார்த்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டான்.

என் பாவு வந்தபோது நானே போய்க் கதவை உதைத்துக் கூப்பிட்டேன். ஓடி வந்தான். கயிற்றைப் பிடித்ததும் முதல் வேலையாக மயில்வாகனத்தைத் திட்டினான். மயில்வாகனம் திருப்பித் திட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தான். அடுத்தவனைத் திட்டினான், அவனும் அப்படியே. அதற்குள் சபாபதி வீட்டிலிருந்து பிரம்பு நாற்காலி ஒன்று வந்தது. தெரு நடுவில் போட்டு, கயிற்றை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி, "நீங்க உக்காருங்கய்யா, நாங்க பாத்துக்கறோம்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். எல்லாரும் குனிந்து வேலை செய்ய, அவன் மட்டும் பொண்ணு பார்க்க வந்தவனைப் போல முழங்காலில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த தடவையும் நாற்காலி வந்தது. அதற்குப் பிறகு என் பாவுக்கும் அவன் வரவில்லை.

"நீ ஒருத்தன் கூப்பிட்டு வர்றது உன் வீட்டு விருந்துக்கு வர்ற மாதிரிடா. தெரு கூப்பிடணும்" என்றான்.

அவன் பெண்சாதி கிருஷ்ணம்மாள் ஒருநாள் என்னிடம் வந்து அழுதாள். "தெருவுல பாவு சத்தம் கேட்டாப் போதும்ணே, எழுந்து துண்டு கட்டிக்கினு கதவாண்ட நிக்குறாரு. ஒருத்தரும் தட்டறதில்ல. அப்பால வந்து செவுத்தைப் பாத்துப் படுத்துக்கறாரு. நான் அந்தப் பதக்கத்தைக் கொண்டுபோய்க் கெணத்துல போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். போடு என்றுதான் நான் சொன்னேன். அவளுக்குத்தான் மனசு வரவில்லை.

அவனுடைய பாவைத் தெருவில் போட்டால் தெருவே திரண்டு வந்தது. கயிற்றைத் தொடத்தான் அவனை விடவில்லை. யார் வீட்டு வேலைக்கும் போகாமல் தன் வேலைக்கு மட்டும் ஆள் வருவது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பாவு போடுவதைக் குறைத்தான். தறி பாதி நாள் சும்மா கிடந்தது. அதற்குப் பதில் ரிப்பன் வெட்டி ஊரார் கடைகளைத் திறந்து வைத்தான், பள்ளி ஆண்டு விழாவில் கோப்பை கொடுத்தான், குத்துவிளக்கு ஏற்றினான். கெட்ட வார்த்தை பேசுவதை விட்டுவிட்டான். பேசி என்ன செய்வது, திருப்பிப் பேச ஆள் இல்லை. நாட்டிலேயே சிறந்த நெசவாளி என்று தில்லி சொன்ன ஆள் ஏழு வருடத்தில் நெய்தது, அதற்கு முன் இரண்டு வருடத்தில் நெய்ததற்கு ஈடாகாது. கலையைப் போற்றுகிறோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

1977இல் தில்லியில் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் பட்டங்களை எல்லாம் நிறுத்திவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். விருது வாங்கினவர்கள் மற்ற ஊர்களில் எல்லாம் முகம் வாடி உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஆள் செய்தி முடிவதற்குள் சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பலகையைப் பெயர்த்தான். ஆணி வர மறுத்தது, பலகையே இரண்டாகப் பிளந்தது.

"சுந்தரம்! நாளைக்கு உன் பாவுதானே?" என்று தெருவைத் தாண்டிக் கத்தினான். அந்தக் குரலைக் கேட்டு வருடக்கணக்கு ஆகியிருந்தது.

மறுநாள் விடியும்போது நான் போய்க் கதவைத் தட்டுவதற்கு முன்பே துண்டோடு தயாராக நின்றான். "டேய் நமசி, வாடா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன். வந்து முனைக் கயிற்றைப் பிடித்தான். காலை அகட்டி ஊன்றிக்கொண்டான். பாவு முழுக்கக் கஞ்சி ஏறி, இழைகள் ஈரத்தில் கனத்துத் தொங்கிய நேரம். சபாபதி மாலையோடு வந்தார். பின்னால் அதே நாற்காலி.

"கவர்மெண்ட் எடுத்துக்கினா இன்னா? பேப்பர்லதான் எடுத்தாங்க. எங்க மனசுலேர்ந்து எடுக்க முடியுமா? எங்களுக்கு நீங்க எப்பவும் பத்மஸ்ரீதான்யா!" என்று சொல்லி மாலையைக் கழுத்தில் போட்டார். எல்லாரும் கையைத் தட்டினார்கள். மயில்வாகனமும் இன்னொருவனும் பக்கத்தில் போய் அவன் கையைப் பிடித்துக் கயிற்றை வாங்கப் பார்த்தார்கள்.

"விடுங்கடா" என்றான் நமச்சிவாயம். "விடுங்க, விடுங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

இந்தப் பக்கம் இழுக்க, அந்தப் பக்கம் இழுக்க, கயிறு அவன் கையிலிருந்து நழுவியது. என் பாவு முழு நீளமும் தொய்ந்து மண்ணில் விழுந்தது. ஈரப் பட்டில் புழுதி அப்பிக்கொண்டது.

பாவைக் கீழே விட்டவனை எங்கள் தெருவில் சும்மா விட மாட்டார்கள். அவன் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து வைத்துப் பேசுவார்கள். நமச்சிவாயம் மாலையோடு நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"பரவாலிங்கய்யா" என்றான் மயில்வாகனம்.

"உங்க மேல தப்பே இல்லிங்க" என்றார் இன்னொருவர்.

அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன். அவன் கையை, அவன் காலை, அவனைப் பெற்றவர்களை, அவனுக்குப் பதக்கம் கொடுத்தவர்களை, எல்லாரையும் வரிசையாகத் திட்டினேன். சபாபதி பதறிப்போய், "யோவ், யாரைப் பாத்து இன்னா பேசறே!" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். நமச்சிவாயம் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, அப்படியே மண்ணில் மண்டியிட்டு அறுந்த இழைகளைத் தேட ஆரம்பித்தான்.

நானும் எதிரில் உட்கார்ந்தேன். அவனுக்குச் சமமாகக் கீழே உட்கார வேறு யாரும் துணியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். வெயில் ஏறியது. பாதிப் பாவு போய்விட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"நாளைக்கு யாரு பாவுடா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மயில்வாகனம் வீட்டுப் பாவு."

"கூப்பிடுவானா?"

நிமிர்ந்து மயில்வாகனத்தைப் பார்த்தேன். மாலை வாடிவிடக் கூடாது என்று நாற்காலியை நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"மாட்டான்டா" என்றேன்.

நமச்சிவாயம் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இழையை எடுத்தான்.