வெள்ளிக்கிழமையும் ஐரிஷ் நடிகரும்

வீடியோக் கடையில் நிற்பவருக்குப் படம் பார்க்க நேரமிருக்காது, பார்த்த மாதிரிக் கதைக்கவும் வேணும். கடைகளில் நின்று கால் உளைந்த உங்களுக்குத் தெரியாததா? பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபிறகு நோர்வேயில் எல்லிங்ஸ்ருட் என்ற இடத்தில் ஒரு டிவிடி வாடகைக் கடையில் சேர்ந்தேன். சோதனைக் காலம். நிரந்தரமாக்கச் சொல்லி முருகனிடம் கேட்டபடி இருந்தேன்.

ஐந்து ஆட்கள்

முதலாளி ரூனேக்கு ஒரு ஐரிஷ் நடிகரில் சரியான பைத்தியம். டப்ளினில் சின்ன மேடைகளில் பிணமாகப் படுத்துத் தொடங்கி, ராசாவாக நடிக்கும்வரை வந்த மனுசனாம். அவருடைய படங்களை ஒரே தட்டில் அடுக்கச் சொன்னார்.

அட்டைகளைப் பார்த்தால் ஒன்றில் தாடிக்கார மாலுமி, ஒன்றில் மெலிந்த வாத்தியார், இன்னொன்றில் உதட்டுச்சாயம் பூசிய பொம்பிளை! முகம் பார்த்து ஐந்து ஆட்களாகப் பிரித்து வைத்துவிட்டேன். ரூனே விழுந்து விழுந்து சிரித்தார்.

"உமக்கே ஆளைத் தெரியேல்லை எண்டால், அவருக்கு வேறை என்ன விருது வேணும்?"

வெள்ளி விரதம்

வெள்ளியில் விளக்கேற்றிவிட்டு வந்து, கொலைப் படத்தைக் கையால் எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வராது. நோர்வேக்காரரோ வெள்ளி பின்னேரம்தான் சோபாவில் சாய்ந்து கொலை பார்ப்பார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நான் குடும்பப் படமாக எடுத்துக் காட்டினேன். பலர் வெறுங்கையோடு போனார்கள்.

"வெள்ளி வியாபாரத்திலைதான் கடை ஓடுது. ஏலாதெண்டால் சொல்லும், வேறை ஆளைப் பாக்கிறன்," என்றார் ரூனே.

வீட்டில் வந்து அழுதேன். மகள் தேத்தண்ணி தந்து சொன்னாள்:

"முருகனே சூரனை வேலாலை பிளந்தவர். நீங்கள் டிவிடிதானேம்மா குடுக்கிறியள்!"

அங்கி போட்டவர்

அடுத்த வெள்ளி, ஓய்வுபெற்ற டிராம் சாரதி ஒருவர் விறுவிறுப்பாக ஏதாவது கேட்டார். ஐரிஷ்காரர் பாதிரியார் அங்கியோடு, சிலுவை பிடித்து நிற்கும் அட்டை கண்ணில் பட்டது. கும்பிடுகிற ஆள், குற்றமில்லை என்று கொடுத்தேன். ரூனே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அந்தச் சாரதி கதவு திறந்த கையோடு வந்து நின்றார். காசைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்று பணப்பெட்டியைத் திறந்தேன்.

"என்ரை கோப்பி ஆற முதலே உம்மடை பாதிரியார் மூண்டு பேரைக் கொலை செய்துபோட்டார்! அந்தாளின்ரை மிச்சப் படமெல்லாத்தையும் தாரும்!"

தட்டு அரைவாசி காலியானது. ரூனே என் தோளில் தட்டினார்.

"வேலை உமக்குத்தான். வெள்ளிக்கிழமையும் உமக்குத்தான்."

அன்றிலிருந்து வெள்ளிகளில் யார் எது கேட்டாலும் அந்த ஐரிஷ்காரரின் தட்டைக் காட்டிவிடுவேன். எதில் கொல்லுவார், எதில் கும்பிடுவார் என்று நான் விசாரிப்பதில்லை, முருகன் அறிவார்.