புருஷன் பெயரும் ஒரு ஓட்டும்

1. எவனையும் நம்பாதே

திருத்தணி தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் நாள், டிப்டி தாசில்தார் என்னைக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் ஒரு பாடம் நடத்தினார்.

"ஏமய்யா, உனக்கு ஓட்டர் ஜாபிதா வேலை. ஜாபிதாவில பேரு ஏத்துன்னு வர்றவன் எல்லாம் பொய் சொல்றான்னு வெச்சுக்கோ. நிஜம்னு அவன்தான் காட்டணும். நீ இரக்கப்பட்டு எழுதிட்டே, நாளைக்கு பதில் சொல்றது நான். புரிஞ்சுதா?"

"ஆங் சார்" என்றேன். எனக்கு அந்தப் பாடம் கஷ்டமாக இல்லை. நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பால்காரன் முகத்தைப் பார்க்குமுன் சொம்பைப் பார்க்கிறவன்.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டாத காலம் அது. எங்கள் தாலுகா அப்போது சித்தூர் ஜில்லாவோடு இருந்தது. டிப்டி தாசில்தாருக்குத் தாய்மொழி தெலுங்கு. தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பஞ்சாயத்து போர்டு தேர்தல் வரப்போகிறது என்று ஊரே பரபரத்துக்கொண்டிருந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயது வந்தால் ஓட்டு என்பது அன்று கிடையாது. வீட்டு வரியோ தொழில் வரியோ கட்டுகிறவனுக்கு ஓட்டு உண்டு. வரி கட்டாதவர் என்றால் ஏதாவது ஒரு பாஷையில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். குடிசைக்கு வரி இல்லை. ஆகவே குடிசையில் இருப்பவனுக்கு ஓட்டும் இல்லை. குளத்துக்கு அப்பால் கூலி வேலை செய்கிறவர்கள் குடியிருந்த தெருவில் அத்தனை குடும்பங்கள் இருந்தும் ஜாபிதாவில், அதாவது வாக்காளர் பட்டியலில், ஒரு பெயர்கூடக் கிடையாது. ஓட்டே இல்லாத தெருவுக்கு ஓட்டுக் கேட்டு யார் போவார்கள்? தண்ணீர்க் குழாய் ரைஸ் மில் வாசலோடு நின்றுவிட்டது.

ஜாபிதா தயாராகும் மாதங்களில் ஊரில் யாரும் யாரையும் நம்பவில்லை. நகரிப் பக்கத்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள் என்று ஒரு கட்சியார் புகார் சொன்னார்கள். அரக்கோணத்துச் சொந்தக்காரர்களை இறக்குகிறார்கள் என்று மறு கட்சியார் புகார் சொன்னார்கள். சத்திரத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தங்கிய யாத்ரீகனைக்கூட முறைத்துப் பார்த்தார்கள். நான் எல்லோரையும் முறைத்துப் பார்த்தேன்.

ஜாபிதா எழுதும்போது, தன் பெயரில் வீடு இருக்கிற பெண்களிடமும் படித்த பெண்களிடமும் ஒரு தொந்தரவு உண்டு. புருஷன் பெயர் கேட்டால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பயம். எங்கள் ஊரில் பாதி ஆம்பிளைகளுக்கு மலைமேல் இருக்கும் சாமியின் பெயர்தான். அதனால் பெண்கள், "மேல இருக்கிறாரே, அவரு பேருங்க" என்று மலையைக் காட்டுவார்கள். அவருக்கா ஒரு பெயர்? முருகனா, ஆறுமுகமா, வேலாயுதமா, சுப்பிரமணியா என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவேன். சரியான பெயர் வந்ததும் தலையை ஆட்டுவார்கள். எழுதிக்கொள்வேன். எங்கள் கச்சேரியில் வழிவழியாக இப்படித்தான் நடந்தது.

2. கைநாட்டு வைத்த மனு

குளத்துக்கு அப்பால் இருந்த தெருவிலிருந்து கன்னியம்மா என்கிற பெண், எழுதப் படிக்கத் தெரியும் என்று சொல்லி ஜாபிதாவில் சேர்க்க மனுக் கொடுத்தாள். முப்பது வயது இருக்கலாம். நாற்று நடுகிற கூலிக்காரி. பிறந்த ஊர் அரக்கோணம். அப்பா ரயில்வேயில் கேங் கூலியாக இருந்தவர், மூன்றாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் அனுப்பினாராம். அவள் புருஷனுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆகவே அவனுக்கு ஓட்டு இல்லை, கேட்கவும் இல்லை.

மறுநாளே ஆட்சேபணை மனு வந்தது. போட்டவர் எத்திராஜுலு. ரைஸ் மில் முதலாளி தேர்தலில் நின்றார், எத்திராஜுலு அவருடைய வலது கை. நல்ல உயரம், சரிகைக் கரை வேட்டி, வாயில் எப்போதும் வெற்றிலை. இவள் வெளியூர்க்காரி, எழுத்தறியாதவள், எதிர்க்கட்சியார் இவளுக்குக் கையெழுத்தை மட்டும் வரையப் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்பது அவருடைய புகார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கையெழுத்து மட்டும் பழகிவந்த ஆசாமிகளை அந்த மாதத்தில் நிறையப் பார்த்திருந்தேன்.

விசாரணை நாளில் கன்னியம்மா புருஷனோடு வந்தாள். புருஷனை வாசல் புளியமரத்தடியிலேயே நிறுத்திவிட்டோம். டிப்டி தாசில்தார் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"படிக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியுங்க."

"எல்லாரும் இதான் சொல்றாங்க" என்றவர், கைக்கு அகப்பட்ட தமிழ்க் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அது எத்திராஜுலு போட்ட மனுவேதான்.

அவள் திக்கித் திக்கி, ஆனால் விடாமல் படித்தாள். "மேற்படி கன்னியம்மாள் என்பவள் எழுத்து வாசனை சிறிதும் இல்லாதவள்" என்ற வரி வந்தபோது ஒரு தரம் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்து கடைசிவரை படித்துவிட்டு, "இதுக்குக் கீழ கையெழுத்து இல்லீங்க. கைநாட்டு இருக்குது" என்றாள்.

நிஜம்தான். எத்திராஜுலு சொந்த வீட்டுக்கு வரி கட்டுகிறவர். அவருக்கு எழுத்துத் தெரிய வேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை. மனுவை எழுதினவர் கச்சேரி வாசலில் உட்காரும் மனு எழுதுகிறவர். இந்த வேடிக்கை அதுவரை எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை. கச்சேரிச் சேவகனான டவாலி சுவர்ப்பக்கம் திரும்பி இருமினான்.

எத்திராஜுலுவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. "சாமி, மனுவில என்ன இருக்குதுன்னு வெளிய யாரோ சொல்லி, இவ மனப்பாடம் பண்ணிகினு வந்துகிறா. நம்பாதீங்க" என்றார்.

டிப்டி தாசில்தார் யோசித்தார். அதுவும் நடக்கக்கூடியதுதானே என்று நானும் யோசித்தேன். சந்தேகம் என்பது ஒரு தரம் உள்ளே வந்துவிட்டால் அதற்குப் பாய் போட்டுப் படுக்கவைக்கிற வீடு எங்கள் கச்சேரி.

"சரி, இருக்கட்டும். வெளியூர்க்காரின்னு வேற சொல்றாங்க. உன் புருஷன் பேரு என்ன?" என்றார் அவர்.

அவள் ஜன்னல் வழியாக மலையைக் காட்டினாள்.

பழக்க தோஷம், நான் ஆரம்பித்துவிட்டேன். "முருகனா? ஆறுமுகமா?"

"பார்த்தீங்களா சாமி!" என்று எத்திராஜுலு துள்ளினார். "குமாஸ்தாவே எடுத்துக் கொடுக்கிறாரு! எந்தப் பேருக்கு வேணாலும் தலைய ஆட்டிட்டுப் போவா. வெளியில நிக்கிறவன் இவ புருஷனே இல்ல. பேரு தெரிஞ்சா சொல்ல மாட்டாளா?"

டிப்டி தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "நீ வாயைத் தொறக்காதே" என்றார். பிறகு அவளிடம், "சொல்றியா, இல்ல மனுவைத் தள்ளிடட்டுமா?" என்று கேட்டார்.

கன்னியம்மா மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்தாள்.

"எழுதிக் காட்டலாங்களா? சொல்லத்தான் கூடாது. எழுதறதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க."

டிப்டி தாசில்தார் தலையசைத்தார். யுத்த காலத்துக் காகிதப் பஞ்சம் இன்னும் தீரவில்லை. ஒரு பழைய உத்தரவின் பின்பக்கத்தைக் கொடுத்தேன். சிலேட்டில் பழகின கை போலிருக்கிறது, நிப்பு குத்தி மை தெறித்தது. பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள்.

காகிதம் டிப்டி தாசில்தார் கைக்குப் போயிற்று. அவருக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே! என்னிடம் நீட்ட வந்தவர் பாதியில் கையை இழுத்துக்கொண்டார். எத்திராஜுலு வாயைத் திறக்குமுன்பே அவருக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு டவாலியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

"தணிகாசலம்" என்று படித்தான் டவாலி.

அவர் அதோடு விடவில்லை. தாமே எழுந்து வாசலுக்குப் போய், புளியமரத்தடியில் நின்றவனிடம் கேட்டார். "நீ பேரு ஏமிரா?"

"தணிகாசலங்க" என்றான் அவன், துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

திரும்பி வந்து உட்கார்ந்தவர், கைநாட்டு வைத்த மனுவைத் தள்ளுபடி செய்தார். கன்னியம்மா பெயர் ஜாபிதாவில் ஏறியது. அந்தத் தெருவுக்கு ஒரே ஓட்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் என்னை நம்பாமல் டவாலியை நம்பினாரே என்ற கோபமும் இருந்தது. சந்தேகப்படுகிறவனுக்கு, தன்னைச் சந்தேகப்பட்டால் மட்டும் பொறுக்காது.

3. வாயால் சொல்லணும்

தேர்தலுக்கு முந்தின வாரம் குளத்துக்கு அப்பால் இருந்த தெருவில் அதிசயம் நடந்தது. முதலாளிக்கு எதிராக நின்ற ஜவுளிக்கடைக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் இறங்கி, கன்னியம்மா வீட்டு வாசலுக்குப் போனாராம். அடுத்த நாள் ரைஸ் மில் முதலாளியே போனாராம். இரண்டு பேரிடமும் அவள் கேட்டது குழாயைத்தான். இரண்டு பேரும் போடுகிறேன் என்றார்கள். எனக்கு இரண்டு பேர்மேலும் நம்பிக்கை இல்லை, அது வேறு விஷயம்.

ஓட்டு நாளன்று பள்ளிக்கூடத்தில் பூத். ஓட்டுச் சீட்டுப் போட ஆளுக்கொரு பெட்டி: முதலாளிக்கு மஞ்சள், ஜவுளிக்கடைக்காரருக்குப் பச்சை. நான் ஜாபிதாவைப் பார்த்துப் பெயர் சரிபார்க்க உட்கார்ந்திருந்தேன். பூத் அதிகாரி வெளியூர் ஹெட்மாஸ்டர் ஒருவர், கண்டிப்பானவர். முதலாளியின் ஏஜெண்டாக என் பக்கத்து பெஞ்சியிலேயே வந்து உட்கார்ந்தார் எத்திராஜுலு.

காலையிலிருந்தே அவர் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். தமக்குப் பிடிக்காத வீட்டுப் பெண் யார் வந்தாலும், "இது அந்தம்மா இல்ல, வேற யாரோ. புருஷன் பேரு கேளுங்க" என்பார். ஹெட்மாஸ்டர் கேட்பார். அவள் சொல்ல மாட்டாள். வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடுவாள். இப்படிச் சில பெண்கள் ஓட்டுப் போடாமலே போனார்கள்.

கன்னியம்மா வந்தாள். ரோட்டோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே தணிகாசலம் நின்றான். ஓட்டு இல்லாதவன் உள்ளே வரக்கூடாது.

"இது கன்னியம்மா இல்லீங்க" என்றார் எத்திராஜுலு, வெற்றிலையை மென்றபடி.

"எனக்குத் தெரியும் சார், இவங்கதான்" என்றேன் நான்.

"குமாஸ்தா அன்னைக்கே இவளுக்குப் பேரு எடுத்துக் கொடுத்தவரு. அவரு பேச்சு செல்லாது."

ஹெட்மாஸ்டர் என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

"பேனா குடுங்க, எழுதித் தரேன்."

"இங்கே எழுதறதெல்லாம் இல்லம்மா. வாயால் சொல்லணும். பின்னால கூட்டம் நிக்குது பாருங்க."

அவள் கைகள் முந்தானையைப் பிடித்து முறுக்கின. எத்திராஜுலு பெஞ்சியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இவளும் திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

கயிற்றுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "சொல்லுமே! எனுக்கு ஒண்ணும் ஆவாது!"

கன்னியம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. கண்ணை ஒரு தரம் இறுக மூடித் திறந்தாள்.

"தணிகாசலம்!"

வரிசை முழுக்கக் கேட்டது. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கண்ணோடேயே எத்திராஜுலு பக்கம் திரும்பினாள்.

"சொல்லிட்டேன் நைனா. மறந்துடப் போற, எழுதிக்கோ."

ஊரில் யாருக்குத் தெரியாது அவர் கைநாட்டு என்று? வரிசையில் ஒருவன் சிரிக்க, பள்ளிக்கூடமே சிரித்தது. கண்டிப்பான ஹெட்மாஸ்டர்கூட மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கன்னியம்மா சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் நின்றவள், யாரும் கேட்பதற்கு முன்பே, தன் புருஷன் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு எத்திராஜுலு எந்தப் பெண்ணையும் ஆட்சேபிக்கவில்லை.

4. கடைசியாக

அந்தத் தேர்தலில் ஜவுளிக்கடைக்காரர் ஜெயித்தார். குழாய் போட்டார். அதில் எந்நேரமும் தண்ணீர் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் சந்தேகப்படுவதை விட்டுவிடவில்லை. குமாஸ்தாவுக்கு அது வேண்டும். ஆனால் டிப்டி தாசில்தார் நடத்தியது பாதிப் பாடம்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உள்ளே வர நினைக்கிறவளை மட்டும் சோதித்தால் போதாது. அவள் வரக்கூடாது என்கிறானே, அவனுக்கு அதில் என்ன லாபம் என்றும் பார்க்க வேண்டும். பிற்பாடு என்னிடம் ஆட்சேபணையோடு வந்த எவரையும் முதலில் உட்காரவைத்து அதைத்தான் கேட்டேன். பலர் மனுவை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

பிறகு எல்லோருக்கும் ஓட்டு வந்தது. அதே பள்ளிக்கூடம், அதே மேஜை, நான் ஜாபிதாவோடு உட்கார்ந்திருந்தேன். தணிகாசலம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, முதல் தடவையாகக் கயிற்றுக்கு உள்ளே வந்தான். பூத் அதிகாரி பெயர் கேட்டதும் அவனுக்குக் கூச்சத்தில் நாக்கு எழவில்லை. துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"தணிகாசலங்க" என்றாள் பின்னால் நின்ற கன்னியம்மா.