சுங்கை ரம்பாய் பஸ்ஸில் அண்ணன் வாங்கிய வெட்டு

அண்ணன் செத்துவிட்டார் என்று ஒருமுறை முழுமனதாக நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, மெர்லிமாவ் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்து லய வரிசையில் வீடு வீடாகப் போய் அலறினேன். அண்ணி மயங்கி விழுந்தார். பாடைக்கு மூங்கில் வெட்டவும் ஆள் கிளம்பிவிட்டது. அதற்குள் அண்ணனே வந்து சேர்ந்தார். சென்ற ஆண்டு அவர் உண்மையாகவே காலமானபோது, சேதி சொல்ல என்னை யாரும் அனுப்பவில்லை. நியாயந்தான்.

அண்ணன் நாமக்கல் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் போனபின் என்னையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். கங்காணி பிரம்பால் முகத்தில் விளாசிய அன்று, அந்தப் பிரம்பைப் பிடுங்கி இரண்டாக முறித்துக் கங்காணியின் காலடியில் போட்டுவிட்டு, அந்தத் தோட்டத்தை விட்டே வெளியேறினார். நான் அப்போது சாணிக்குழிக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன்.

அதன்பின் அண்ணி வேலைபார்த்த மெர்லிமாவ் தோட்டத்து லயத்தில் குடியிருந்தபடி, வண்டி மாடுகளுக்கு லாடம் கட்டும் தொழிலை ஏற்றார். சுங்கை ரம்பாயிலிருந்து செலண்டார் வரை வாரம் முழுதும் பயணம். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ப்பார். தலையை அமுக்குவது என் வேலை. முன்பற்கள் இரண்டை ஒரு செவலைக் காளைக்குக் கொடுத்தது அப்படித்தான்.

காசு மிச்சம் பிடிக்க, லாடம் கட்டிய வண்டியிலேயே அடுத்த தோட்டம்வரை தொற்றிக்கொள்வோம். வண்டி கிடைக்காவிட்டால்தான் பஸ். அலைச்சலில் அவர் கற்றதை எனக்கும் சொல்வார்: புது ஊரில் சாப்பிட்டு முடித்தவனிடம்தான் வழி கேட்க வேண்டும், பசியில் இருப்பவன் அடிக்க வருவான், சுத்தியல் பையைக் காலடியில் வைக்க வேண்டும், மடியில் வைத்தால் சண்டைக்கு வந்தவன் என்பார்கள், பஸ்ஸில் கதவோரமே உட்கார வேண்டும், அடிதடி வந்தால் முதலில் இறங்கிவிட்டு அப்புறம் காரணம் கேட்கலாம்.

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலம் அது. ஆள் குறையக் குறைய, இருக்கிற பயணிகளுக்காக பஸ்காரர்கள் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டார்கள். அன்று சுங்கை ரம்பாயில் நாங்கள் ஏறிய பஸ்ஸை போட்டி பஸ்காரனின் ஆட்கள் பாராங் என்னும் நீள வெட்டுக்கத்தியோடு மறித்தார்கள்.

"ஏறுனவன் எல்லாம் எறங்குங்கடா!"

"என் பாசஞ்சர்டா! தொட்டுப் பாருலா!" என்றான் கண்டக்டர். இஞ்சின் முடுக்கும் இரும்புக்கம்பி அவன் வாயில் இறங்கியது. பல்லும் ரத்தமும் என் சட்டையில் தெறித்தன.

"டேய், கதவுப் பக்கம் வா! எறங்கு!" என்றார் அண்ணன்.

எனக்குக் கதவு எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது. எதிர்ப்புறச் சன்னல் வழியாகத் தலைகீழாக விழுந்து, ரப்பர் காட்டுக்குள் ஓடினேன். சாலை வளைவில் பஸ்ஸின் கதவுப்பக்கம் தெரிந்தது; மரத்து மறைவிலிருந்து திரும்பிப் பார்த்தபோது அண்ணன் பஸ் படியில் ரத்தவெள்ளத்தில் கிடந்தார். அவ்வளவுதான், வீடுவரை ஒப்பாரியோடு ஓட்டம்.

பொழுது சாயும் நேரம் ஒரு கட்டைவண்டியில் அண்ணன் வந்து இறங்கினார். இடக்கையில் வேட்டிக்கிழிசல் சுற்றியிருந்தது.

"பொழச்சியாடா?"

"அண்ணே… நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லிட்டேண்ணே."

"அதனால என்ன? செத்தவனுக்குச் சோறு இருக்கா, கேளு."

அந்தக் கையில் இரண்டு விரல் பிறகு மடங்கவே இல்லை. குளம்பை முழங்காலில் இடுக்கிக்கொண்டு கடைசிவரை லாடம் கட்டினார். எப்படிப் பட்டது என்று கேட்டால், "எறங்கறப்ப பட்டுச்சு" என்பார். நான் விடுவேனா? "கதவோரம் உட்கார்ந்த புத்திசாலிக்கு வெட்டு, சன்னலில் குதித்த கோழைக்குக் கீறல்கூட இல்லை" என்று எல்லாக் கல்யாணப் பந்தியிலும் பீற்றினேன். அண்ணனும் கூடச் சிரிப்பார்.

சென்ற ஆண்டு கடைசிக் காய்ச்சலில் கிடந்த அவரைத் தினமும் வந்து பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸருக்கும், அண்ணியைத் தனியே விடாத லயத்துப் பெண்களுக்கும், பாடைக்குத் தோள்கொடுத்த வண்டிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அன்று அந்த பஸ்ஸை ஓட்டிய ராவுத்தர், துக்கம் கேட்க வந்தவர், என்னைத் தனியே அழைத்து, "தம்பி, நீ சொல்லிச் சிரிக்கிற கதை தப்புப்பா" என்றார். அவருக்கும் நன்றி. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் முதல் ஆளாகக் கதவு வழியே இறங்கிவிட்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வெளியே என்னைக் காணவில்லை. "என் தம்பி உள்ள இருக்கான்" என்று கத்திக்கொண்டு திரும்பவும் ஏறினார். அப்போதுதான் வெட்டு விழுந்தது.