பழனி விஞ்ச்சும் என் பனியன் வேஸ்ட்டும்

நெய்வேலிச் சுரங்கத்தில் ராட்சத இயந்திரங்களின் இரும்புக் கயிறுகளைச் சோதிப்பது என் வேலை. காய்ந்த பனியன் வேஸ்ட்டை, அதாவது பனியன் கழிவுத் துணியை, கயிற்றைச் சுற்றிப் பிடித்து மெல்ல இழுப்போம். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் துணியில் மாட்டிக்கொள்ளும். கயிற்று விஷயத்தில் எனக்கு எவனும் பாடம் நடத்த முடியாது, சொல்லிவிட்டேன்.

ஆனால் என் அக்காவிடம் அந்தப் பெருமையெல்லாம் செல்லுபடியாகவில்லை. முட்டி தேய்ந்தவள். பழனிக்கு நேர்ந்துகொண்டு மூன்று வருடமாயிற்று. படி ஏற முடியாது, கயிறு கட்டி மலைமேல் இழுக்கும் விஞ்ச் வண்டியில் ஏறப் பயம். வேண்டுதல் அப்படியே நிற்கிறதே என்று அழுவாள்.

"கயிறு அறுந்துட்டா என்னாடா பண்றது?"

விடுவேனா? அவளுடைய குவார்ட்டர்ஸ் மாடி பால்கனியில் ஒரு கப்பியை மாட்டினேன். கயிற்றின் இரு முனையிலும் ஒவ்வொரு வாளித் தண்ணீரைக் கட்டினேன்.

"பாருக்கா, ஒன்னு எறங்குனா இன்னொன்னு ஏறுது. விஞ்ச்சும் இப்படித்தான், ஒரே கயித்துல ரெண்டு வண்டி. எறங்குற வண்டியோட வெயிட்டே ஏறுற வண்டியத் தூக்கிடும். மிச்சத்த மட்டுந்தான் மோட்டார் இழுக்கணும். கயிறே போனாலும் பிரேக்கு தண்டவாளத்தக் கவ்விப் புடிச்சிக்கும்."

அரை மணி நேரம் வாளிகளை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "சரி, பக்கத்துல நீ ஒக்காந்தா வர்றேன்" என்றாள். ஜெயித்துவிட்டேன்!

பழனியில் எங்கள் முறை வந்தது. தண்டவாளத்தின் நடுவே கிரீஸ் மினுங்கும் கயிறு. கை சும்மா இருக்குமா? பையிலிருந்த பனியன் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"யோவ்! கைய எடுய்யா!" என்று விஞ்ச் ஊழியர் கத்தினார். வரிசையே சிரித்தது. மானம் போயிற்று.

வண்டி அசைந்து கிளம்பியபோதுதான் உறைத்தது. இத்தனை வருட சர்வீஸில், நான் தொட்டுப் பார்க்காத கயிற்றை நம்பி நான் உட்கார்ந்ததே இல்லை. முன்னாலிருந்த கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்கா என் தொடையில் ஒரு தட்டு தட்டினாள்.

"டேய், ஏன்டா கண்ண மூடிகினு ஒக்காந்திருக்க? உன்னாட்டம் ஒருத்தன் காலையிலயே கயித்தப் பாத்திருப்பான்டா. நீ பாத்தத நம்பித்தான அங்க மைன்ஸ்ல அத்தினி பேரு வேல செய்யறாங்க? தொறடா கண்ண!"

திறந்தேன். பாதி மலையில் எதிர் வண்டி எங்களைக் கடந்து இறங்கியது. அக்கா அதிலிருந்தவர்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.