ஆறாம் நாள் திரும்பி வந்த வாட்ச்

ஆன்லைனில் விற்ற பொருள் எப்படித் திரும்பி வரும்? கொரியரில் வரும். எங்கள் பெரம்பலூரில் அப்படியில்லை... பைக்கில் வரும்!

போன புதன்கிழமை காலை வாசலில் ஹார்ன் சத்தம். பார்சலில் நான் எழுதியிருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு பூலாம்பாடியிலிருந்து வந்து நிற்கிறார் முருகேசன். நான் விற்கும் பழைய வாட்ச்களில் ஒன்றை வாங்கியவர்.

“அண்ணே, இது செத்துப்போச்சு.”

ஏழு நாளுக்குள் ரிட்டர்ன் என்பது நானே போட்ட விதி. அன்று ஆறாவது நாள். மறுக்க முடியுமா? டப்பாவைத் திறந்து, வாட்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வினாடி முள் குடுகுடுவென்று ஓட ஆரம்பித்தது.

முருகேசன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! “நான் வெச்சா நிக்குது, நீங்க தொட்டா ஓடுது. என்னாண்ணே, சொல்லிவெச்சு அனுப்புனீங்களா?”

விஷயம் சின்னதுதான். அது பேட்டரி இல்லாத வாட்ச். கட்டியிருக்கிற கை அசைய அசைய உள்ளே சாவி ஏறிக்கொள்ளும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும். விற்பனைக்குப் போட்டபோதே இதை எழுதியிருந்தேன் – படத்துக்குக் கீழே. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

“ஒரு நாளாவது கையில கட்டுனீங்களா தம்பி?”

“எப்படிண்ணே கட்டுறது? நாளன்னைக்கு கல்லங்குறிச்சி கோயில்ல தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்ள கையில நான் போட்டுவுட வேண்டிய வாட்ச். அத மொதல்ல நானே கட்டுனா நல்லாவா இருக்கும்? மஞ்சத்துணி சுத்தி பீரோவுல வெச்சிருந்தேன்.”

“ஏற்கெனவே யாரோ இருபது வருஷம் கட்டுன வாட்ச்தானே தம்பி இது?”

“அது வேறண்ணே. அவரு யாருன்னே நமக்குத் தெரியாது!”

“சரி, பணத்தைத் தந்துடறேன்” என்றேன்.

“பணத்த வெச்சு என்ன பண்றது? படத்தப் பாத்து மாப்ளயே ஆசப்பட்டுக் கேட்டது. முகூர்த்தத்துல நின்னுபோன வாட்சக் கட்டிவுட்டா, தங்கச்சி காலம்பூரா பேச்சு கேக்கணும்ணே.” குரல் இறங்கிவிட்டது.

டீ கொண்டுவந்த என் மனைவிதான் கேட்டாள்: “கையில கட்டத்தானே கூடாது? சட்டைப்பையில போட்டுக்கலாம்ல? கல்யாணத்துல பொண்ணோட அண்ணன் ஒரு எடத்துல உக்காரப் போறாரா என்ன?”

முருகேசன் எழுந்தே விட்டார். “அட ஆமாக்கா! பந்தக்கால் நட்டதுலேருந்து இப்பதான் உங்க வூட்ல உக்காந்தேன்!”

ரிட்டர்ன் வந்த வாட்ச், அவர் சட்டைப்பையில் ஏறிப் பூலாம்பாடிக்கே திரும்பிப் போனது.

இத்தனை நாளும் யாராவது ரிட்டர்ன் கேட்டால், “என்ன ரிப்பேர்?” என்றுதான் கேட்பேன். இப்போது விற்கும்போதே, “இது யாருக்குங்க?” என்று கேட்டுவிடுகிறேன். வாட்சில் இருக்கிற கோளாறு எனக்குத் தெரியும். வாங்குகிறவர் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டால்தானே தெரியும்?

முகூர்த்தத்தன்று ஒரு வீடியோ வந்தது. மாலையோடு மாப்பிள்ளை கையை நீட்டுகிறார். முருகேசன் பையிலிருந்து வாட்சை எடுக்கிறார், ஒரு நொடி முள்ளை உற்றுப் பார்க்கிறார், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கட்டிவிடுகிறார்.

கீழே ஒரு வரி: “வாட்ச் சூப்பர்ணே. எனக்குத்தான் முட்டி போயிடுச்சு.”