மஞ்சள் தடவிய வாரண்டி கார்டு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு வேக்குவம் கிளீனர் இருக்கிறது. நன்றாக ஓடும். கம்பெனிக்காரனோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டி, கைக்காசு ஒன்றும் கொடுக்காமல் வாரண்டியிலேயே மோட்டார் மாற்றி வாங்கினேன். ஜெயித்தது நான்தான். அதைப்போல ஒரு கேடுகெட்ட ஜெயத்தை என் எதிரிக்கும் நான் விரும்ப மாட்டேன்.

அரியலூரில் எங்கள் வீடு, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டின் மேலேயே இருக்கிறது. காலையில் துடைத்த டி.வி. மேல் மத்தியானம் விரலால் எழுதலாம். தலையணையை உதறினால் வெள்ளையாய்ப் பறக்கும். அந்தத் தூசியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் நான் கிளார்க். லாரி மேடையேறி நிற்கும். டிரைவர் நீட்டுகிற குவாரிச் சீட்டை வாங்கிப் பார்த்து எடையைக் குறிப்பேன். சீட்டில் சீல் மங்கலாக இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். எமகாதகன் என்று டிரைவர்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்களுக்கு ஒரே பெண். இரண்டாயிரத்து ஒன்றில் ஒன்றாம் வகுப்புப் போய்க்கொண்டிருந்தாள். மூன்று வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். இழுப்பு வந்தால் விலா எலும்புகள் உள்ளே போய் வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். மாதத்துக்கு இரண்டு தடவையாவது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறுவோம். அங்கே ஒரு குழந்தை டாக்டர். விளக்குமாற்றால் கூட்டுவது தூசியை எடுப்பதில்லை, அதைக் கிளப்பிப் பிள்ளையின் மூக்கில் ஏற்றுவது என்று சொன்னார். தூசியை உறிஞ்சி எடுக்கிற மெஷின் ஒன்று வாங்குங்கள், முடியாவிட்டால் தூசி இல்லாத ஊரில் பிள்ளையை விடுங்கள் என்றார்.

தூசி இல்லாத ஊர் எங்களுக்கு இருந்தது. என் மனைவியின் அக்காள் செட்டிகுளத்தில் வாழ்க்கைப்பட்டவர். சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். வீடு ஊர்க்கோடியில், நல்ல காற்று. அவருக்குப் பிள்ளை இல்லை. ஒரு வருஷம் என்னிடம் விடுங்கள், தேற்றிக் கொடுக்கிறேன் என்று நாலைந்து தடவை கேட்டுவிட்டார். பிள்ளையில்லாதவள் என் பிள்ளை மேல் கண் வைக்கிறாள் என்று நான் மனைவியிடம் சொன்னேன். சொல்லக்கூடாத சொல். என் பெண்ணை என் வீட்டில் வைத்து வளர்க்க எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அந்த மெஷினை நான் வாங்கப் போனது இந்த வீம்பில்தான்.

பெரம்பலூரில் மிக்ஸி, ஃபேன், டி.வி. விற்கிற கடை ஒன்றில் வாங்கினோம். கடைக்காரர் தரைவிரிப்பில் ஒரு கை அடுப்புச் சாம்பலை வீசி, மெஷினைப் போட்டு ஒரே இழுப்பில் உறிஞ்சிக் காட்டினார். என் மனைவி சாம்பல் இருந்த இடத்தைக் கையால் தடவி, கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. அவள் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. பில் போட்டால் வரி சேரும், பில் வேண்டாமே என்றார் கடைக்காரர். கார்டில் சீல் வைத்துத் தருகிறேன், வாரண்டிக்கு அதுதான் முக்கியம் என்றார். நான் சரியென்றேன். ஒரு வருஷ வாரண்டி. கார்டின் கீழ் மூலையில் ஊதா மையில் வட்ட சீல் குத்தி, தேதி போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

அந்த வாரமே ஆயுத பூஜை. மொபட், தையல் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். புது மெஷினுக்குக் கதம்பப் பூவே சுற்றினோம். புதிதாக வருகிற காகிதம் எதுவானாலும், பத்திரமோ பத்திரிகையோ கணக்கு நோட்டோ, நாலு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் பீரோவுக்குள் போகாது. வாரண்டி கார்டையும் தாம்பாளத்தில் வைத்தேன்.

“மிஷினுக்குப் பொட்டு வச்சாப் போதாதுங்களா? காயிதம் நனைஞ்சிடும்” என்றாள் மனைவி.

உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, மஞ்சளை நன்றாகக் குழைத்து நானே நாலு மூலையிலும் தடவினேன். எதைச் செய்தாலும் கை தாராளம் எனக்கு. கீழ் மூலையில் ஊதா மை ஊறிப் பழுப்பாகப் பரவியதைப் பார்க்கத்தான் செய்தேன். சாமிக்கு வைத்தது, ஒன்றும் ஆகாது என்று கற்பூரம் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் எங்கள் வீட்டில் நல்ல காலம். நீளமான குழாய் இருப்பதால் மகள் அதை யானை என்றாள். யானை வருது என்று அவள் கட்டில் மேல் ஏறி நின்றுகொள்ள, என் மனைவி கட்டிலுக்கு அடியிலும் ஜன்னல் இடுக்கிலும் உறிஞ்சி எடுப்பாள். அது சும்மா கிடக்கும்போது மகள் அதன் மேல் உட்கார்ந்து சவாரி போவாள். மார்கழிப் பனியில்கூட ஒரே ஒரு தடவைதான் டாக்டரிடம் போனோம். செட்டிகுளத்துக்குப் போனபோது மனைவியின் அக்காளிடம் வேண்டுமென்றே இதைச் சத்தமாகச் சொன்னேன். அவர் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்குத் தலை பின்னப் போய்விட்டார்.

மாசி மாதம் ஒருநாள் மெஷினிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஒரு முறை உறுமிவிட்டு நின்றுவிட்டது. வாரண்டி இருக்கும்போது என்ன கவலை என்று அதைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மனைவியையும் மகளையும் கூட்டிப் பெரம்பலூர் போனேன். கடைக்காரர் கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சீலும் தெரியவில்லை, தேதியும் தெரியவில்லை. இதை அனுப்பினால் திருச்சி சர்வீஸ் சென்டரில் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றார். நாலு மாதத்துக்கு முன்னால் உங்கள் கையால் வாங்கியதுதானே, என்னைத் தெரியாதா என்றேன்.

“ஒங்களை எனக்குத் தெரியும் சார். கம்பெனிக்குத் தெரியாதே” என்றார்.

மறுபடி சீல் வைத்துக் கொடுங்கள் என்றேன். கம்பெனியைக் கேட்காமல் வைக்க முடியாது என்றார். அப்புறம் கார்டை மூக்கருகில் கொண்டுபோய், இது என்ன சார் மஞ்சளா என்று கேட்டார். கடையில் நாலு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் சிரித்தார்.

“வூட்டுல பொம்பளைங்க பண்ண வேலைங்க” என்றேன்.

என் மனைவி பக்கத்திலேயே நின்றாள். மகளின் கையைப் பிடித்திருந்தவள், இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்ததை மட்டும் பார்த்தேன். மகள் அண்ணாந்து அவளையே பார்த்தாள்.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் ஒரே வாரத்தில் மோட்டார் மாற்றித் தருகிறேன், தொகையும் பெரிதில்லை என்றார். கொடுத்துவிடலாம் என்று மனைவி மெதுவாகச் சொன்னாள். காசு கொடுத்துச் செய்வதற்கு வாரண்டி எதற்கு என்று நான் கத்தினேன். அந்தக் காசு என்னிடம் இருந்தது. அதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

மெஷின் கடையிலேயே கிடந்தது. வீட்டில் பழையபடி விளக்குமாறு வந்தது. ஈரத்துணியால் ஒரு நாளைக்கு நாலு தடவை துடைத்து என் மனைவிக்கு முழங்கால் வீங்கியது. பதினைந்து நாளில் மகளுக்கு இழுப்பு திரும்பியது. இந்தத் தடவை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். வெளியே வந்ததும் மனைவி என்னைக் கேட்காமலேயே செட்டிகுளம் பஸ் எங்கே நிற்கும் என்று கண்டக்டரிடம் விசாரித்தாள். மெஷின் வருகிற வரைக்கும் மகள் அங்கே இருக்கட்டும் என்று நானும் பஸ் ஏறினேன். அம்மா மஞ்சள் தடவியதால்தான் யானை செத்துப்போச்சா என்று மகள் பஸ்ஸில் என்னைக் கேட்டாள். தூங்கு என்றேன்.

அடுத்த வாரம் எடைமேடையில் ஒரு டிரைவர் நீட்டிய சீட்டில் சீல் மழையில் நனைந்ததுபோல் கலங்கியிருந்தது. வியர்வை பட்டுவிட்டது என்றார். திருப்பி எடுத்துக்கொண்டு போ என்றேன். தினமும் வருகிறவன்தானே, என்னைத் தெரியாதா உங்களுக்கு என்று அவர் கேட்டார். உன்னைத் தெரியும், ஆபீசுக்குத் தெரியாது என்று என் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. ஆனாலும் வண்டியைத் திருப்பித்தான் அனுப்பினேன். புத்தி வரவேண்டிய இடத்தில் எனக்கு ரோஷம்தான் வந்தது.

கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுத ஆரம்பித்தேன். எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். முதலில் ஞாயிறுதோறும் செட்டிகுளம் போய்க்கொண்டிருந்தவன், பிறகு அந்த நாளில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். மனைவி மட்டும் தனியாகப் போய் வந்தாள். வைகாசியில் கடைக்காரரை நச்சரித்துப் புது சீல் வாங்கிவிட்டேன். மெஷின் திருச்சிக்குப் போனது. பின்னாலேயே நானும் போனேன். அங்கே மெக்கானிக் மெஷினின் தூசிப் பையைத் திறந்து வெள்ளைத் தூசியை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது சுண்ணாம்புத் தூசி, இதற்கு வாரண்டி கிடையாது, வீட்டுத் தூசிக்கு மட்டும்தான் என்றார். புத்தகத்தில் பொடி எழுத்தில் இருந்ததையும் காட்டினார்.

“எங்க வூட்டுல இருக்கறது வூட்டுத் தூசி இல்லாம வேற யாரு வூட்டுத் தூசிங்க?” என்று கேட்டேன். அவர் அடுத்த மெஷினை எடுத்தார்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்று எழுதினேன். எழுத எழுத எனக்குக் கை ஊறியது. ஃபைல் போட்டு, நகல் எடுத்து, ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதற்கிடையில் ஜூன் மாதம் வந்து, மகளைச் செட்டிகுளத்திலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். சேர்க்கிற அன்றைக்கு எனக்குத் திருச்சியில் வேலை இருந்தது. என் மனைவியின் அக்காள்தான் கையெழுத்துப் போட்டார்.

கார்த்திகையில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இதை ஒரு தனிப்பட்ட சலுகையாகக் கருதி மோட்டாரை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஆபீசில் எனக்குக் கை கொடுத்தார்கள். மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து, அரையாண்டு லீவில் மகளைக் கூட்டி வந்தேன். அவள் வருவதற்கு முன்னால் வீட்டை நானே மூன்று தடவை உறிஞ்சி எடுத்தேன்.

அவள் சதை போட்டிருந்தாள். நெஞ்சில் சத்தமே இல்லை. யானை வந்துடுச்சு பார் என்று காட்டினேன். பார்த்தாள், தலையை ஆட்டினாள், மேலே உட்காரவில்லை. தண்ணீரைக்கூட எடுத்துக் குடிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். பெரியம்மாவைப் பற்றிப் பேசும்போது இரண்டு தடவை அம்மா என்று சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாளும் இழுப்பு வரவில்லை. மெஷின் அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. மூன்றாம் நாள் தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்:

“எப்பப்பா வூட்டுக்குப் போறது?”

மறுநாள் காலையில் நானே கொண்டுபோய் விட்டேன். என் மனைவியின் அக்காள் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாப்பிட்டுப் போங்க தம்பி என்றுதான் சொன்னார்.

நான் திரும்பி வந்தபோது மனைவி கூடத்தை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை பாடுபட்டு வாங்கி வந்திருக்கிறேன், மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்று எரிந்து விழுந்தேன். அவள் குனிந்தபடியே இருந்தாள்.

“அத வச்சு இனிமே யாருக்காகங்க கூட்டணும்?” என்றாள்.

அன்றைக்கு மெஷினைப் பரணில் ஏற்றியவன் இறக்கவே இல்லை. ஐந்து வருஷம் ஆகிறது. மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். லீவில் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள். போன வைகாசியில் வந்தபோது, அவளுடைய பள்ளிக்கூடப் புதுப் புத்தகங்களுக்கு அம்மா மஞ்சள் வைக்கப் போனாள். மகள் அவசரமாக அவற்றை வாங்கிக்கொண்டாள்.

“வேணாம்மா. நீ வச்சா கெட்டுப்போயிடும்” என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். என் மனைவியும் சிரித்துவிட்டு மஞ்சள் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோனாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கார்டில் மஞ்சள் தடவியது அம்மா இல்லை என்று மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.